தொண்ணூறு மட்டும் சரி

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது பெரிய திரை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அதில் கோணமானியை விரலால் தொட்டு இழுத்தால் போதும், அது தானாகப் போய்க் கோட்டின்மேல் பிசகாமல் உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் அதைக் காட்டுவதற்கென்றே அங்கிருக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி என்னை அட்டுவம்பட்டி வீட்டிலிருந்து அழைத்துப் போனாள். “இதுல தப்பா வைக்கவே முடியாதுங்க டீச்சர். ஒங்க காலத்துல எப்படித்தான் சமாளிச்சீங்களோ! எழுதிக் குடுங்க, ஆசிரியர் சங்க மலர்ல போடுவோம்” என்றாள்.

சமாளித்த லட்சணத்தைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு என் பென்ஷனில் கை வைக்க யாருக்காவது ஆசை வந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட தலைமை ஆசிரியர் இன்று இல்லை. சாட்சி சொல்ல வேண்டிய பிள்ளைகளுக்கே தலை நரைத்துவிட்டது.

நான் வத்தலக்குண்டுக்காரி. திண்டுக்கல்லில் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி படித்தேன். அந்த இரண்டு வருஷத்தில் பாடக்குறிப்பு எழுதினேன், அட்டையில் பூ வரைந்தேன், கும்மியடித்தேன், கோணமானியை ஒரே ஒரு மத்தியானம் தொட்டேன். அது கரும்பலகையில் வைக்கிற மரக் கோணமானி. முறம் அகலத்துக்கு அரைவட்டம், நடுவில் கைப்பிடி. அதன் அடி விளிம்புதான் சுழிக்கோடு, பூஜ்யம் தொடங்குகிற இடம். விளிம்பைக் கோட்டில் வை, நடுப்புள்ளியை முனையில் வை, எண்ணைப் படி. எங்கள் விரிவுரையாளர் இதை மூன்று தடவை சொன்னார், நானும் மூன்று தடவை எழுதிக்கொண்டேன். அந்த ஞானத்தோடு மலையேறினேன்.

எழுபதுகளின் நடுவில் என்னைப் போட்ட ஊர், பெருமாள்மலையிலிருந்து கீழே இறங்குகிற தடத்தில் இரண்டு மைல் நடை. தகரக் கூரை போட்ட தொடக்கப்பள்ளி, மூன்று அறைகள், ஐந்து வகுப்புகள், மூன்று ஆசிரியர்கள். மழை பெய்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. மேகம் இறங்கினால் ஜன்னல் வழியாக உள்ளே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்ளும். கடைசி வரிசையில் இருப்பவர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். வருகைப் பதிவில் அதனால் நடந்த தில்லுமுல்லுகள் தனி.

முதல் வருஷம் ஐந்தாம் வகுப்பில் கோணம் தொடங்குமுன், “நேர்கோட்டை எங்கெல்லாம் பாத்திருக்கீங்க?” என்று கேட்டேன். ஜன்னல் கம்பி, பெஞ்சு ஓரம் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். ஒருவன் எழுந்து, “மதுரையில டீச்சர்” என்றான். அவன் பொங்கலுக்கு மதுரை போய் வந்தவனாம். “அங்க ரோடு நேரா போய்க்கிட்டே கெடக்கு டீச்சர். எனக்கு வாந்தியே வரல.” கொண்டை ஊசி வளைவுகளிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோணத்தை நான் என்ன விளக்குவது? அளக்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

இங்கே எங்கள் தலைமை ஆசிரியர் தனுஷ்கோடி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வெயிலானாலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் “நீ செய்தது தப்பு” என்று அவர் சொன்னதும் கிடையாது. தப்பைக் கண்டால், “இன்னொரு தடவை பாப்பமா?” என்பார். அந்த ஒரு கேள்விக்கு நாங்கள் பயந்த பயம் பிரம்புக்குப் பயந்திருக்க மாட்டோம்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. எந்தப் பதிவேட்டிலும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். பிள்ளைகளின் நோட்டிலும் இதே சட்டம்தான். நான் போட்ட ரைட்டை மாற்றினாலும், இன்ட்டை மாற்றினாலும், பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருந்தாக வேண்டும். “கை மாறலாம் டீச்சர், யாரு கை மாறுச்சுன்னு தெரியணும்ல” என்பார்.

மரக் கோணமானி ஒன்று எங்கள் பள்ளிக்கும் வந்திருந்தது. அது பீரோவில் சாமி சிலை மாதிரி இருந்தது. வேண்டுமென்றால் பதிவேட்டில் தேதி, நேரம், எதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது சார் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்ப்பார், சிராய்ப்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று. இரண்டு தடவை எடுத்தேன். மூன்றாம் தடவை, இந்தச் சோலியே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பெருமாள்மலை பஜாரில் காதர் பாய் கடை இருந்தது. அவர் ஒரு பெட்டி பிளாஸ்டிக் கோணமானி வைத்திருந்தார். எல்லாம் ஒரே அச்சு, கண்ணாடி மாதிரித் தெரிகிற உள்ளங்கை அளவுச் சாமான். பிள்ளைகள் எல்லாரும் அதையே வாங்கினார்கள், நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். தினம் ஒவ்வொரு நோட்டிலும் நானே ஐந்து கோணம் வரைந்து கொடுப்பேன். அவர்கள் அளந்து எண்ணை எழுத வேண்டும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வகுப்பே பிரமாதமாக அளந்தது. நான் அறுபது வரைந்தால் நாற்பது பேரும் அறுபது என்றார்கள். நூற்றிருபது வரைந்தால் நூற்றிருபது. பார்வைக்கு வந்த அதிகாரியிடம் தனுஷ்கோடி சார், “நம்ம டீச்சர் கோணம் நடத்துறதப் பாக்கணும் நீங்க” என்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் அதே முறை, அதே பெருமை.

ஒரே ஓர் உறுத்தல். எங்களிடம் ஐந்து முடித்த பிள்ளைகள் பெருமாள்மலை நடுநிலைப் பள்ளிக்குப் போவார்கள். அங்கே இருந்த கணக்கு வாத்தியார் ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் கூட்டினால் நூற்றெண்பது வர வேண்டும் அல்லவா? “ஒங்க புள்ளைங்க கூட்டுனா நூத்தி எழுபத்தொண்ணுதான் வருது டீச்சர். கீழ ஒங்க ஊருல குளிருக்கு முக்கோணம் சுருங்கிப்போச்சா?” என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பொறாமை பிடித்த மனுஷன் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

மூன்றாவது வருஷம் ஆவணி வாக்கில் யோகேஸ்வரி வந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா ராமையாவுக்கு வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற கூப்பில், அதாவது காட்டுக் குத்தகையில், வேலை. கப்பல் ஏறி, முகாமில் இருந்து, மலைக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளையின் பள்ளிச் சான்று எங்கேயோ தொலைந்துவிட்டது.

ராமையா கையைக் கட்டிக்கொண்டு சாரிடம் பேசினார். “அங்க அஞ்சு தொடங்கிட்டாளுங்க. அஞ்சு முடிச்சதுக்குச் சான்றுத் துண்டு ஒண்ணு இருந்தா வார ஜூன்ல ஆஸ்டல்ல எடம் தாரேன்னு கான்வென்ட் மதர் சொல்லியிருக்காங்க. கீழ் வகுப்புல போட்டீங்கன்னா அந்த எடம் போயிரும். நாங்களும் கூப்பு முடிஞ்சதும் வேற மலைக்குப் போயிருவோம். பிள்ளையும் பட்டை உரிக்க வர வேண்டியதுதான்.”

சாருக்கு இதற்கும் ஒரு முறை இருந்தது. சான்று இல்லாத பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதுவார். ஒரு மாதம் வகுப்பில் உட்காரலாம். மாதக் கடைசியில் வாசிப்பு, சொல்வதெழுதுதல், கணக்கு, கோணம் என்று நான்கிலும் அவரே சோதிப்பார். தேறினால் மையால் எழுதுவார். தேறாவிட்டால் பென்சில் பெயர் அழிந்து நாலாம் வகுப்புப் பதிவேட்டுக்குப் போகும். அவர் ரப்பரைத் தொட அனுமதி தந்த ஒரே இடம் அதுதான்.

யோகேஸ்வரி வாசித்தாள், கணகணவென்று. எழுதினாள். கணக்கும் போட்டாள். கோணத்தில்தான் வந்தது வினை.

காதர் பாயிடம் கோணமானி தீர்ந்துபோயிருந்தது. கேட்டால், “லோடு மலையேறி வரணும்ல டீச்சர், நாளைக்கு வெள்ளனே வந்துரும்” என்பார். அந்த நாளை வரவே இல்லை. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் யோகேஸ்வரி ஒரு பழுப்புத் தாளை வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். சிமெண்டு மூட்டைத் தாள். வட்டமாக வெட்டி, இரண்டாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்றாக, பிறகு பாதியாக, மறுபடி பாதியாக மடித்திருந்தாள். மடிப்புக்கு மடிப்பு பதினைந்து பாகை. மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் பென்சிலால் நான்கு புள்ளிகள்.

“என்னடி இது?”

“எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல யாருட்டயும் சாமான் இல்லிங்க டீச்சர். மாஸ்டர் இப்படி மடிக்கச் சொல்லித் தந்தார். ஒரு புள்ளிக்கு மூணு டிகிரி.”

சாமர்த்தியம்தான் என்று நினைத்தேன். விடையைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. நான் முப்பது வரைந்திருந்தேன், அவள் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள். நாற்பத்தைந்துக்கு நாற்பத்தெட்டு. அறுபதுக்கு அறுபத்து மூன்று. நூற்றிருபதுக்கு நூற்றுப் பதினேழு. தொண்ணூறு மட்டும் தொண்ணூறு. நான்கு இன்ட்டு, ஒரு ரைட். மறுநாளும் நான்கு இன்ட்டு, ஒரு ரைட். அதற்கு மறுநாளும் அப்படியே.

“மடிச்ச தாளு டிகிரி சொல்லுமா? பாரு, எல்லாருக்கும் அறுபது, ஒனக்கு மட்டும் அறுபத்து மூணா?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. “தொண்ணூறு மட்டும் சரியா வருதுங்களே டீச்சர்” என்றாள். அது அவளுக்குப் பெரிய யோசனையாக இருந்தது. எனக்கு அது வாய்த்துடுக்காகப் பட்டது. வாத்தியாராக இருப்பதில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான். பதில் தெரியாத கேள்வியை வாய்த்துடுக்கு என்று சொல்லிவிடலாம்.

சோதனைக்கு முந்தின நாள் எனக்கே பயம் வந்துவிட்டது. நல்ல பிள்ளை, இந்த ஒரு பாடத்தில் வழுக்கி நாலாம் வகுப்புக்குப் போய்விடுவாளே என்று. சாயங்காலம் அவளை மட்டும் உட்காரவைத்தேன். வகுப்பின் முதல் மாணவன் மரியதாஸின் கோணமானியை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். “அந்தத் தாளை இனி வெளிய எடுக்காத. இதை வை.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டீச்சர், இதுல விளிம்புக்கு மேல ஒரு கோடு கெடக்குதுங்க. அதை வைக்கவா, விளிம்பை வைக்கவா?”

“விளிம்பைத்தான். கேள்வி கேக்காம வெரசா வை.”

வைத்தாள். நான் வரைந்திருந்த அறுபது அவளுக்கும் அறுபது என்று வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! ஒரு பெரிய ரைட் போட்டு, பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதினேன். அவள் நன்று என்ற எழுத்தைப் பார்த்தாள், கோணத்தைப் பார்த்தாள், நோட்டை மூடினாள்.

சோதனை நாளன்று ராமையா வேலைக்குப் போகாமல் வாசலுக்கு வெளியே பேரிக்காய் மரத்தடியில் வந்து நின்றிருந்தார். உள்ளே சார் முறைப்படி தொடங்கினார். பீரோவைத் திறந்து, தனக்குத் தானே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மரக் கோணமானியை எடுத்தார். மேசையில் ஒரு பெரிய தாளை விரித்து, அதை வைத்து ஒரு கோணம் வரைந்தார். விடையை ஒரு சீட்டில் எழுதி, நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “அளம்மா” என்றார்.

யோகேஸ்வரி மரியதாஸின் கோணமானியை எடுத்தாள். நான் சொன்னபடி விளிம்பைக் கோட்டில் வைத்தாள், நடுப்புள்ளியை முனைக்கு நேராக வைத்தாள், குனிந்து படித்தாள்.

“அம்பத்தேழுங்க சார்.”

“அப்படியா? இன்னொரு தடவை பாப்பமா?”

இன்னொரு தடவை அளந்தாள். “அம்பத்தேழுங்க சார்.” குரல் பாதியாகிவிட்டது.

சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மரியதாஸைக் கூப்பிட்டார். அவன் மிடுக்காக வந்து அளந்தான். “அம்பத்தேழு சார்.” அடுத்தவளைக் கூப்பிட்டார். ஐம்பத்தேழு. நான்காவதாக வந்தவனும் ஐம்பத்தேழு. சார் சீட்டை எடுத்துப் பிரித்து, தான் எழுதியதைத் தானே படித்தார். அறுபது என்று இருந்தது. மரக் கோணமானியை மறுபடி வைத்துப் பார்த்தார். அறுபதேதான்.

அப்போது யோகேஸ்வரி மெதுவாகச் சொன்னாள். “என் தாள்ல வச்சா அறுபது வருங்க சார். ஆனா அது பிழைன்னு டீச்சர் சொன்னாங்க.”

“எங்க, கொண்டா பாப்போம்.”

பையிலிருந்து எடுத்து வைத்தாள். பழுப்புத் தாளின் அடி மடிப்பு கோட்டில் சரியாக உட்கார்ந்தது. சாய்ந்த கோடு நான்காவது மடிப்பின் மேலேயே போனது. அறுபது. சார் மரியதாஸின் கோணமானியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க” என்றார்.

வராந்தாவில் அதை என்னிடம் நீட்டினார். “இதுல சுழி எங்க இருக்குங்க?”

“அடியில சார். விளிம்புல.”

“இன்னொரு தடவை பாப்பமா?”

பார்த்தேன். மூன்று வருஷமாகக் கையில் வைத்திருந்த சாமானை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுழிக்கோடு விளிம்பில் இல்லை. விளிம்புக்கு ஓர் அரிசி நீளம் மேலே இருந்தது. மையப் புள்ளியும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. கீழே இருந்த பட்டை சும்மா, பிடித்துக்கொள்வதற்கு. நான் அதை விளிம்பில் வைத்தே வரைந்தேன், பிள்ளைகளும் விளிம்பில் வைத்தே அளந்தார்கள். என் தப்பும் அவர்கள் தப்பும் ஒரே அளவு. அதனால் எல்லாருக்கும் சரியாக வந்தது. கோணமானியை மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் நட்டுக்குத்தலாக நிற்கிற கோடு மட்டும் மாறாது. தொண்ணூறு மட்டும் ஏன் சரியாக வந்தது என்ற அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அன்றைக்குத்தான் எனக்கு விடை தெரிந்தது. பஸ் நிறுத்தத்து வாத்தியாரின் நூற்றெழுபத்தொன்றும் அதே நொடியில் நினைவுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

என் முகம் எப்படி இருந்ததோ, சார் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். “புள்ளைங்களுக்கு ஒங்க மேல ஒரு மதிப்பு இருக்குங்க டீச்சர். இதை இப்பவே போட்டு ஒடைக்கணும்னு இல்ல. நாளையில இருந்து கோட்டுல வைக்கச் சொல்லிருங்க, தானா சரியாயிரும். அந்தப் புள்ள பேர நான் மையில எழுதிர்றேன். போதுமா?”

போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது, மறைக்க என்ன இருக்கிறது? மானம் தப்பியது என்று ஒரு பெருமூச்சும் விட்டேன். ஜன்னல் வழியாக உள்ளே பார்க்காமல் இருந்திருந்தால் அப்படியே நடந்திருக்கும்.

உள்ளே யோகேஸ்வரி தாளைப் பைக்குள் வைத்துவிட்டு மரியதாஸுக்குப் பக்கத்தில் இருந்தவனிடம் வாங்கிய கோணமானியை மறுபடி மறுபடி அந்தக் கோணத்தின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பைத்தான் வைத்தாள். தன் கையில் எங்கே பிழை என்று தேடுகிறாள் என்று நினைத்தேன். வெளியே மரத்தடியில் அவள் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏன் கழற்றினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அழுகை வந்தது.

உள்ளே போனேன். “எல்லாரும் கோணமானியை எடுத்து வெளிச்சத்துல பிடிங்க. அடியில ஒரு கோடு தெரியுதா? அதைத்தான் வைக்கணும், விளிம்பை இல்ல. டீச்சர் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். யோகேஸ்வரி அளந்தது அத்தனையும் சரி. மத்த எல்லாரும் அளந்தது தப்பு, தொண்ணூறு மட்டும் சரி.”

முதலில் எழுந்தவன் மரியதாஸ். “அப்ப நான் வாங்குன நூத்துக்கு நூறு என்னாகும் டீச்சர்?” அவனுக்கு உலகமே இடிந்திருந்தது. அடுத்து முன்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல், உண்மையான அக்கறையோடு கேட்டது. “அப்ப டீச்சர் முட்டி போடணுமா டீச்சர்?” தப்பாக அளந்தவர்களை முட்டி போடவைத்தது நான்தான். சார் மப்ளரை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

பிறகு சார் பதிவேட்டை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே மையால் யோகேஸ்வரி என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார். வெளியே போய் ராமையாவிடம் என்னமோ சொன்னார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூப்புக்குப் போனார்.

முந்தைய இரண்டு வருஷத்துப் பிள்ளைகளை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் கையில் கோணமானியோடு ஊர் ஊராகப் போனேன். சிலர் நடுநிலைப் பள்ளியில் திருந்தியிருந்தார்கள். சிலரை வழியில் மடக்க வேண்டியிருந்தது. “ஏலே நில்லு” என்று நான் கூப்பிட, எதிர்த்தோட்டத்தில் பிளம்ஸ் திருடிய விஷயமாக நான் வந்திருப்பதாக நினைத்து ஒருவன் ஓடை தாண்டி ஓடியே போய்விட்டான். காதர் பாயிடம் சண்டைக்கும் போனேன். அவர் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்து, “கோடு எனக்கே தெரியுதே டீச்சர், நான் நாலாப்பு பெயிலு” என்றார்.

ஒருவன் மட்டும் எனக்கு அகப்படவே இல்லை, முத்துப்பாண்டி. ஐந்தோடு நின்றுவிட்டுத் தச்சு வேலைக்குப் போனவன். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் அட்டுவம்பட்டியில் வீடு கட்டியபோது கூரைச் சட்டம் அடிக்க வந்து நின்றான். “முப்பது டிகிரி சாய்ச்சிருக்கேன் டீச்சர், நீங்க சொல்லித் தந்த மாதிரியே வச்சு” என்றான் பெருமையாக. நான் ஏணியில் ஏறி அளந்தேன். முப்பத்தைந்து. என் தப்பு என் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது, ஒரு சொட்டு ஒழுகியது கிடையாது. இதை அவனிடம் சொல்லவேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேச்சுவாக்கில் சோதனை நாள் சாயங்காலத்தை விட்டுவிட்டேன். மணி அடித்து எல்லாரும் போன பிறகு யோகேஸ்வரி மட்டும் நோட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், நீங்க போட்ட இன்ட்டு?”

அவள் கேட்டது நியாயம். நோட்டை வாங்கினேன். சார் சட்டப்படி ஒவ்வொரு இன்ட்டையும் ஒரு கோட்டால் அடித்து, மேலே ரைட் போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். ஒரு மாதத்து இன்ட்டு, நாளுக்கு நான்கு. கை வலித்தது. அவள் பக்கத்தில் நின்று ஒன்றுகூட விட்டுப்போகாமல் விரல் வைத்துக் காட்டினாள். வேகத்தில் ஒரு தொண்ணூறிலும் நான் பேனாவை வைக்கப்போனபோது தடுத்தாள். “இது முன்னயே சரிங்க டீச்சர்.”

கடைசிப் பக்கம் வந்தது. பெரிய ரைட், பக்கத்தில் நன்று. நான் நோட்டை மூடப் போனேன். அவள் கையை வைத்தாள்.

“இதையும் மாத்துங்க டீச்சர். இது பிழை.”

“இருக்கட்டும் தாயி. இது நான் சொன்னபடி செஞ்சது. ஒன் மேல தப்பு இல்ல.”

“நான் அறுபதுன்னு எழுதியிருக்கேன். அது அறுபத்து மூணுங்க.” பையிலிருந்து பழுப்புத் தாளை எடுத்து வைத்துக் காட்டினாள். “விளிம்பை வச்சா பிழைன்னு எனக்கு அன்னைக்கே விளங்குச்சு. அஞ்சாம் வகுப்புல என்னைப் போடணுமேன்னு எழுதிட்டேன்.”

ரைட்டை அடித்து இன்ட்டு போட்டேன். நன்று என்ற சொல்லின் மேலே ஒரு கோடு இழுத்தேன். நோட்டை மூடி அவளிடம் நீட்டினேன்.

அவள் அதை வாங்கித் திறந்து பார்த்தாள். மறுபடி என் முன்னால் விரித்து வைத்து விரலால் தொட்டாள்.

“இதுக்கு இன்னும் சுருக்கொப்பம் போடலிங்க டீச்சர்.”

போட்டேன்.